கேட்டில் சொருகிய பத்திரிகை

1

ஊரிலிருந்து திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அதற்குள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வருகிற போன் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. "ஆரோக்கியசாமி வூட்டுல அன்னைக்கு என்னதாங்க நடந்துச்சு?" தாம்பாளத்தை அவர் மூஞ்சியில் வீசினேன் என்று ஒரு கதை ஓடுகிறது. அவர் காலில் விழுந்து அழுதேன் என்று இன்னொரு கதை. இரண்டையும் கிளப்பிவிட்டது ஒரே ஆள்தான் என்கிறாள் என் மனைவி ரீட்டா. அந்த ஆள் அவளுடைய சொந்தத் தம்பி என்பதால் மேற்கொண்டு விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இதில் நான் பாதிக்கப்பட்டவன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு வார்த்தை. 'கும்பிதாரே.' நான் பிழைக்க வந்த சார்தீனியா, இத்தாலிக்குச் சொந்தமான ஒரு தீவு. ஆனால் மலைக் கிராமங்களில் வீட்டுப் பேச்சு இத்தாலியன் இல்லை, அவர்களுக்கென்று தனியாக ஒரு மொழி. அந்த மொழியில் இது ஒரு வினைச்சொல். விருந்துக்குக் கூப்பிடுவது, குடிக்கக் கொடுப்பது, உபசரிப்பது, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். நம் கும்பிடுதலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதில் விழுந்ததும் கை குவியப் பார்க்கும், அவ்வளவுதான்.

இந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவமானம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்டுப்பால் சீஸ் செய்யும் எங்கள் பட்டறையின் மேஸ்திரி பாக்கிஸ் என்னை ஊர்ப் பாருக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்த மாத்திரத்தில் என் முன்னால் ஒரு கிளாஸ் ஒயின் வந்தது. நான் கேட்கவில்லை. அனுப்பியவர் மூலையில் இருந்த ஒரு கிழவர், முன்பின் பார்த்திராத ஆள். எனக்கு வியர்த்துவிட்டது. அறிமுகம் இல்லாதவன் வாங்கித் தருவதைக் குடிக்கக் கூடாது என்று சேலம் பஸ் ஸ்டாண்டு மைக்கில் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், வேண்டாம்" என்றேன். தமிழில். பாரே அமைதியானது.

பாக்கிஸ் என்னை வெளியே இழுத்துவந்து புரியவைத்தார். இங்கே ஒருவன் கும்பிதாரே செய்தால் மறுக்கக் கூடாது. மறுத்தால், உன் கை பட்டதை என் வாயில் வைக்கமாட்டேன் என்று பொருள். வயிறு சரியில்லை என்றால் காபி கேள், தண்ணீர் கேள், ஆனால் எதையாவது வாங்கிக்கொள். பிறகு ஒரு நாள் திருப்பிச் செய். இதற்காகப் பரம்பரைப் பகை வளர்த்தவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர் சொன்ன விதத்தில் அந்தப் பகையின் முடிவில் துப்பாக்கி இருந்தது. மறுநாள் போய் பாரில் இருந்த எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன். பயத்தில், வாசலில் படுத்திருந்த நாய்க்கும் ஒரு பன்.

2

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பட்டறையில் ஒரு சண்டை உண்டு. சாப்பாட்டு வேளையில், சீஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் போடுவார்கள், அந்த மட்டும் நல்லது.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒராசியோ சொல்வான்: "அது எங்க ஸ்பானிஷ். கொன்விதார் என்று எழுதுவோம், கொம்பிதார் என்று வாயில் வரும். ஸ்பெயின்காரன் இந்தத் தீவை ஆண்டபோது விட்டுவிட்டுப் போனது." பாக்கிஸ் சிவந்துவிடுவார். "எங்க தாத்தன்மாருக்கு விருந்து வைக்க ஸ்பெயின்காரன் வந்துதான் சொல்லிக்கொடுத்தானா? இது லத்தீன். நேராக எங்க வாயில் விழுந்தது." ஸ்பெயின் தீவை ஆண்டது உண்மை, நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டிருக்கிறது. இரண்டு சொல்லுக்கும் வேர் லத்தீன் என்பதும் உண்மை. 'அழைத்தல்' என்ற சொல்லின் மேல் 'விருந்து' என்ற சொல் சாய்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டது என்கிறார்கள். அந்த விருந்துச் சொல்லைப் பிரித்தால் 'கூடி வாழ்தல்' என்று வருகிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு ஆரோக்கியசாமி அண்ணன் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்பெயினில் ஒருவன் கொம்பிதார் செய்தால் காசு கொடுப்பவன் அவன், அதில் குழப்பமே இல்லையாம். ஒராசியோவின் ஊரில் வார்த்தை இன்னும் ஒரு படி கீழே இறங்கி வருகிறது. பக்கத்தில் இருப்பவன் எதையாவது குடித்துக்கொண்டிருந்தால், "எனக்கும் கொம்பிதார் பண்ணேன்" என்று இவனே கேட்கலாம். கேட்பதில் கூச்சம் இல்லை, கொடுக்காதவன்தான் கூச வேண்டும்.

நம் ஊரில் இந்த மூன்றும் கிடையாது. குடிப்பது, கொடுப்பது, கேட்பது எல்லாம் நமக்கு அப்புறம். நமக்கு அழைப்பு என்பது எப்படி வந்து சொன்னாய் என்பதில் இருக்கிறது. சோறு இரண்டாம் பட்சம். வாசல்படி ஏறினாயா, உட்கார்ந்தாயா, வாயால் சொன்னாயா?

3

ஆரோக்கியசாமி அண்ணன் என் பெரியப்பா மகன். புளி வியாபாரம். சித்தேரி மலையிலிருந்து புளி இறங்கும் காலத்தில் அவர் வீட்டைச் சுற்றி நடந்தாலே வாயில் நீர் ஊறும். ஒரே மாதா கோயில், ஒரே பங்காளி வகையறா, அடுத்தடுத்த தெரு.

நான் லீவில் ஊரில் இருந்த நேரத்தில்தான் அவர் மகள் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். பங்காளி வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பத்திரிகை வைத்து இரண்டு கையால் நீட்ட வேண்டும். "முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுங்க" என்று புருஷன் வாயால் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்த பத்திரிகை கேட்டுக் கம்பியில் சுருட்டிச் சொருகியிருந்தது. கூடவே ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸ். உறையில் என் பேர்கூட இல்லை. 'இத்தாலி' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு நாட்டையே அழைத்திருந்தார். என்னைத்தான் அழைக்கவில்லை.

நான் போகவில்லை. கல்யாணத்தன்று அடுத்த தெரு மைக் செட் பாட்டைக் கேட்டுக்கொண்டு, சுவரேறி வந்த பிரியாணி வாசனையில் ரசம் சோறு சாப்பிட்டேன். ரீட்டா அப்பளம் பொரித்துத் தந்தாள். அந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சபதம் எடுத்தேன்.

பத்து வருஷம் ஆகிறது. எங்கள் பட்டறைக் கிடங்கில் சீஸ் வட்டு வட்டாகப் பலகைகளில் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து, பூசணத்தைத் துடைத்து, மேல்தோலில் எண்ணெய் தேய்ப்பது என் வேலை. ஒவ்வொரு வட்டையும் எடுத்து, "வாங்கண்ணா" என்று சொல்லிப் பளாரென்று ஒன்று வைப்பேன். நன்றாக முதிர்ந்திருக்கிறதா என்று சத்தத்தில் கண்டுபிடிக்கும் இந்திய முறை என்று பாக்கிஸ் நினைத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்த பையன்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். இப்போது அந்தக் கிடங்கில் அண்ணனுக்கு நாலு பேர் கையால் அறை விழுகிறது.

4

பழி வாங்க வாய்ப்பு என் மகள் ரூபத்தில் வந்தது. ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாக்கிஸின் மகன். கிளாஸை மறுத்த ஊரிலேயே சம்பந்தம்.

பத்திரிகை அடிப்போம் என்று சொன்னதற்கு ஸ்டெல்லா, "எதுக்குப்பா? பிடிஎஃப் அனுப்பிட்டேன்" என்றாள். யாருக்கு? "எல்லாருக்கும். புளி பெரியப்பாவுக்கும்." ஆறு வயதில் இங்கே வந்த பெண். கனவு காண்பது இத்தாலியனில், கோபப்படுவது சார்தீனிய மொழியில். பசிக்கும்போது மட்டும் தமிழ். அவளுக்குக் கேட்டு, கம்பி, தாம்பாளம் எதுவும் புரியாது.

"போன்ல அனுப்புறது அழைப்பு ஆகாது பாப்பா" என்றேன்.

"அப்போ நேர்ல போய்க் கூப்பிடுங்க. அப்பா, கோயில்ல அவங்க சைடு பெஞ்செல்லாம் நெறைஞ்சிடும். ஊரே அவங்க சொந்தம். நம்ம சைடுல நீங்க, அம்மா, அப்புறம் யாரு? நான் உள்ள நடந்து வரும்போது இந்தப் பக்கம் காலியா இருக்கும். அனாதைப் பொண்ணு மாதிரி."

ஊரில் சொந்தம் நிறைய இருக்கிறது, ஆனால் யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. இருக்கிற ஒரே ஜோடி ஆரோக்கியசாமி அண்ணனும் பிலோமினா அண்ணியும்தான். புனித பூமி யாத்திரை போவதற்காக எடுத்தது. வந்து போகப் பணமும் அவரிடம்தான் இருக்கிறது.

விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தேன். முதல் காகிதமே அழைப்புக் கடிதம். இன்னாரை நான் அழைக்கிறேன், என் வீட்டில் தங்குவார், நான் பொறுப்பு என்று இங்கே இருப்பவன் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நாட்டு அலுவலகங்களில் நான் படாத பாடு இல்லை. கைரேகைக்கு நின்றிருக்கிறேன், வரிசைச் சீட்டைத் தொலைத்துவிட்டு மறுபடி நின்றிருக்கிறேன், பிறந்த ஊர் பேரை அவர்கள் உச்சரித்ததில் அது என் ஊர்தானா என்று சந்தேகப்பட்டு எழுந்திருக்காமல் இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக இந்த அரசாங்கத்தின் மேல் அன்பு வந்தது. இதற்கும் சும்மா வாங்க என்றால் போதாது! முறைப்படி அழைக்க வேண்டும்! அந்த முறை என் பேனாவில் இருந்தது.

திட்டம் தயாரானது. பத்திரிகை அடித்துக்கொண்டு ஊருக்குப் போவேன். அவர் தெருவில் வீடு வீடாகத் தாம்பாளத்தோடு ஏறி இறங்குவேன். அவருக்கு இடப்பக்க வீடு, வலப்பக்க வீடு, எதிர் வீடு எல்லாம் அழைப்பேன். அவர் வாசலை மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போவேன். ஊர் பார்க்கும். பெஞ்சைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

5

போன முதல் நாளே குளறுபடி. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தெரிந்த முகம் இரண்டு தலையாட்டின. என் கை தானாக எழுந்து கடைக்காரரிடம் ஒரு வட்டம் போட்டுக் காட்டியது. எல்லாருக்கும் என் கணக்கு. மலைக் கிராமத்தில் ஊறிப்போன பழக்கம். டீ குடித்துக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் கிளாஸை நிறுத்தியது.

ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "எந்தக் கட்சிங்க?"

"கட்சியெல்லாம் இல்லீங்க."

"சுயேச்சையா! எந்த வார்டு?"

சாயங்காலத்துக்குள் நான் தேர்தலில் நிற்பதாகத் தெரு முழுக்கச் செய்தி. அழைக்கப் போன வீட்டில் எல்லாம் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சின்னம் என்னாங்க?" என்றார்கள். சாக்கடைப் பிரச்சினையைச் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நிஜமாக நிற்கிறவர்கள் தேடி வந்து அடிப்பார்களோ என்று அன்று ராத்திரி பூராவும் கேட்டைப் பூட்டி வைத்தேன்.

மறுநாள் காலை ஆரோக்கியசாமி அண்ணன் தெரு. கிளம்புவதற்கு முன் நான் எத்தனை தடவை பாத்ரூம் போனேன் என்று ரீட்டா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், இங்கே வேண்டாம். தெருமுனையில் அவள் நின்றுவிட்டாள்.

"இப்பவும் சொல்றேன். பாப்பா கேட்டா என்னா பதில் சொல்லுவீங்க?"

"மறந்துட்டேன்னு சொல்லுவேன்."

"பத்து வருஷமா ராத்திரியும் பகலும் அவரு பேரச் சொல்லிட்டு, மறந்துட்டேன்னு சொல்லுவீங்களா? நல்லா இருக்குது."

ஆனாலும் தாம்பாளத்தோடு கூடவே வந்தாள். இடப்பக்க வீடு முடிந்தது. வெளியே வந்து, கழுத்தை வலப்பக்கமாக விறைத்துக்கொண்டு நடந்தேன். அவர் வாசல் வந்தது. கேட்டு திறந்திருந்தது. உள்ளே பாயில் புளி குவித்திருக்க, நடுவில் நாற்காலி போட்டு வெள்ளைச் சட்டையில் அண்ணன். எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்தது. ஆனாலும் நகர்ந்தேன். பாதி கடந்துவிட்டேன்.

"சேவி, காபி குடிச்சிட்டுப் போடா."

கால் நின்றுவிட்டது. சத்தியமாக நான் நிறுத்தவில்லை. கொடுப்பதை மறுத்தால் பரம்பரைப் பகை என்று பாக்கிஸ் பழக்கிய கால் அது. எனக்கு வேண்டியதே பரம்பரைப் பகைதான், ஆனால் அது காலுக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அண்ணி காபி தந்தார். நல்ல காபி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"பாப்பா போன்ல பத்திரிகை அனுப்பிச்சிருந்தா" என்றார் அண்ணன். "பாத்தேன். பதில் போடல. நீ வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

அவர் என் வாயைப் பார்த்தார். எத்தனை வருஷம் இதற்காகக் காத்திருந்தேன்! நான் நிதானமாகக் காபியை ஆற்றினேன்.

"எங்களுக்கெல்லாம் கேட்டுலதான் சொருகிப் பழக்கங்கண்ணா" என்றேன். "உங்க கேட்டு தொறந்திருக்குதே, எங்கே சொருகறது?"

அண்ணி உள்ளே போய்விட்டார். ரீட்டா என் காலை மிதித்தாள். அண்ணன் மட்டும் அசையவில்லை.

"ஆமா. வேணும்னுதான் சொருகுனேன்."

ஆள் தெரியாமல் செய்திருப்பான், டிரைவர் வைத்திருப்பான் என்று ஏதாவது சொல்வார், அதைக் கிழிக்கலாம் என்று தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாரில்லை.

"ஏங்கண்ணா?"

"ஏனா? அதுக்கு முந்தின திருவிழாவுல பாத்தேன்ல. நீ கோயிலுக்குள்ள வந்தா சாமியாரே திரும்பிப் பாக்கறாரு. இத்தாலி, இத்தாலின்னு ஊரே உன் பின்னாடி சுத்துது. என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வூட்டாரு எங்கிட்டப் பேசுவாங்களா, உங்கிட்டப் பேசுவாங்களா? புளி விக்கறவன் கைய யாரு புடிப்பா? அன்னைக்கு ஒரு நாளாச்சும் நான்தான் பெரிய மனுசனா நிக்கணும்னு நெனச்சேன். சொருகிட்டேன்."

அடடா! அப்போது எனக்குள் ஏற்பட்ட குளிர்ச்சியை எழுத வார்த்தை இல்லை. பத்து வருஷமாக நான் சீஸை அறைந்துகொண்டிருந்தேன்; பத்து வருஷமாக இந்த மனுஷன் என்னை நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு துரும்பும் கிள்ளிப் போடாமலே பழி தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எழுந்து போய்விட்டால் போதும். ஆயுசு முழுக்க வேகுவார்.

அந்தச் சமயத்தில் ரீட்டா எழுந்தாள். என்னைக் கேட்கவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "மாமா, பாப்பா கல்யாணம். நீங்களும் அக்காவும் வந்து முன்னாடி நிக்கணும். அவளுக்கு எங்கள வுட்டா அங்க யாரும் இல்ல."

அண்ணன் கையை நீட்டவில்லை. அவர் பார்வை என் மேலேயே இருந்தது. புருஷன் சொல்லாத அழைப்பு அழைப்பில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாம்பாளம் அந்தரத்தில் நின்றது. வெற்றிலை மேல் இருந்த எலுமிச்சம்பழம் உருள ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரை நான் அழைத்தால் இவர் வருவார். வந்தால் பார்ப்பார். கிடங்கைப் பார்ப்பார். ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டு, எண்ணெய்த் துணியோடு நான் நிற்பதைப் பார்ப்பார். இத்தாலி என்று உறையில் எழுதினாரே, அந்த இத்தாலி இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். என்னிடம் இருக்கிற ஒரே சொத்து இவருடைய பொறாமை. அழைத்தால் அது போச்சு. அழைக்காவிட்டால் என் மகள் அந்தப் பக்கத்துக் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவாள்.

எலுமிச்சம்பழம் தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. ரீட்டா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

எழுந்தேன். தாம்பாளத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். "அண்ணா, முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுங்க. விசாவுக்குக் கடிதம் நான் போட்டு அனுப்பறேன்." ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டையை மென்று விழுங்குவதுபோல இறங்கியது.

அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையால்தான். பிறகு, மெதுவாகத்தான், கேட்டார். "ஆமா, அங்க உனக்கு என்னா உத்தியோகம்னு நீ சொன்னதே இல்லையே?"

தரக்கட்டுப்பாடு, மேற்பார்வை, ஏற்றுமதிப் பிரிவு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் பயந்துபோனால் எனக்கு உண்மை வந்துவிடும், சிலருக்கு விக்கல் வருவதுபோல.

"சீஸுக்கு எண்ணெய் தேய்க்கறேங்கண்ணா."

"எதுக்கு?"

"காயாம இருக்க."

"தெனமுமா?"

"தெனமும்."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிலோமினா, இங்க வா, இவன் என்னா சொல்றான்னு கேளு" என்று கூப்பிட்டார். எனக்கு இன்னொரு காபி வந்தது. என் தோளில் கை போட்டுத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடம், "என் தம்பி" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அவ்வளவு சந்தோஷம் பாவிக்கு.

ஸ்கூட்டியில் ஏறும்போது ரீட்டா கேட்டாள். "ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது. கடிதம் அனுப்பிவிட்டேன். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். நேற்று போனில், "தம்பி, தேய்க்கறதுக்கு அங்க நல்லெண்ணெய் கெடைக்குதா, கொண்டாரட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். ஸ்டெல்லா துள்ளிக் குதிக்கிறாள். நம்ம சைடு பெஞ்சில் நாலு பேர்!

யார் எங்கே உட்காருவது என்று பார்க்கும் பொறுப்பை அவள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். நேற்றுக் கோயிலுக்குப் போய் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். பழைய கல் கட்டடம். முதல் பெஞ்சின் ஓரத்தில், ஆள் அகலத்துக்கு ஒரு தூண் இருக்கிறது. அங்கே அண்ணன் உட்கார்ந்தால் நடந்து வருகிற மணமகளுக்கு அவர் முகம் நன்றாகத் தெரியும். வீடியோ எடுக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.